மெய்ப்பிப்பது வேறு, ஆதாரம் வேறு

‘ஆதாரம் இருக்கு, நிரூபிச்சாச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ இவை இரண்டும் ஒன்றல்ல. ஆதாரம் ஒரு கூற்றைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நிரூபணம் வந்துவிட்டால் மறுக்க இடமே இருக்காது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1637 வாக்கில் புத்தக ஓரத்தில் ஒரு கணிதக் கூற்றை (n என்ற அடுக்கு 2ஐவிடப் பெரிய முழு எண்ணானால் aⁿ + bⁿ = cⁿ என்பதற்கு நேர் முழு எண்களில் விடையே இல்லை) எழுதி, நிரூபணத்துக்கு இடம் போதவில்லை என்றார். (நல்ல சாக்கு!) 1990களின் தொடக்கத்தில் கணினிகள் 40 லட்சம் வரையிலான அடுக்குகளுக்குச் சரிபார்த்துவிட்டன. ஒன்றுகூடத் தப்பவில்லை. இருந்தும் அது ஆதாரம்தான். கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சேறியது 1995இல்.

‘நிரூபி’யைவிட எனக்குப் பிடித்தது ‘மெய்ப்பி’. மெய்யென்று ஆக்கிக்காட்டு என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பேச்சில்தான் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் ‘ப்ரூவ் பண்ணு’தான், சண்டையில் எனக்கும்.