கல்பாத்தித் தேர், அடுக்களையிலேர்ந்து

நவம்பர் 11
பாலக்காட்டுக் கல்பாத்தி வந்து சேந்தாச்சு. தேர் திருவிழாவுக்குக் கொடி ஏறி, பக்கத்து அக்ரஹாரம் சாத்தபுரத்துல சங்கீதோத்ஸவம் நடந்துண்டிருக்கு. கச்சேரிக்குப் போலாம்னு புடவை மாத்திண்டு நிக்கறேன், பெரியம்மா "இந்த கும்பளங்காயை மட்டும் நறுக்கிட்டுப் போடி"ங்கறா. அந்த "மட்டும்" முடிஞ்சு நான் வாசலுக்கு வரச்சே மங்களம் பாடிண்டிருந்தா.

நவம்பர் 13
இன்னிக்கும் போகலை. ஆனா தெருவெல்லாம் ஸ்பீக்கர் கட்டியிருக்கறதால மொளகூட்டலுக்குத் தேங்காயும் ஜீரகமும் அரைச்சுண்டே ஒரு தோடி ஆலாபனை கேட்டேன், மிருதங்கம் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் மிக்ஸியை நிறுத்திட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டேன், பருப்பு அடிப்பிடிச்சுடுத்து. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சவர். அந்த மனுஷர் ஊர்ல எனக்கு மிருதங்கம் கெடைக்கறதே மைக் புண்ணியத்துல! (மன்னிச்சுக்கோங்கோ மாமா.)

நவம்பர் 14
முதல் தேர். விஸ்வநாத ஸ்வாமி கோவில் தேர் மூணும் இன்னிக்குத்தான் கிளம்பறது. காசியில் பாதி கல்பாத்தின்னு பத்து தடவை சொன்ன மாமா பதினோராவது தடவை சொல்றதுக்குள்ள காப்பி கலக்கப் போயிட்டேன்.

நவம்பர் 15
புதுக்கல்பாத்தி மந்தக்கரை கணபதி தேர். மத்யானம் நாப்பது இலை. வேற ஒண்ணும் எழுத சக்தி இல்லை.

நவம்பர் 16
ஐப்பசி கடைசி நாள், பழைய கல்பாத்தி பெருமாளும் சாத்தபுரம் கணபதியும் தேர்ல ஏறியாச்சு, சாயங்காலம் தேரெல்லாம் ஒண்ணா சேர்ற தேவரத சங்கமம். பெரியம்மாகிட்ட சொல்லாம பின்கட்டு வழியா கிளம்பிட்டேன். வளையல்கடை, பொரிக்கடை, பலூன்காரன், இடிச்சுத் தள்ளிண்டு தேர்முட்டி பக்கம் போனா ஒரு தேர் திருப்பத்துல நின்னுடுத்து. முன்னாடி வடம் பிடிச்சு இழுக்கறா, அசையலை. பின்னாடி யானை நெத்தியைக் கொண்டுவந்து தேரோட மரத்துல வச்சுது, அவ்வளவுதான், அதுக்கு அவசரமே இல்லை, பின்னங்காலை ஒருதரம் மாத்தி ஊனிண்டுது, சக்கரம் முனகித்து, முட்டுக்கட்டை போடறவன் துள்ளி வெலகினான். கூட்டம் கத்தின கத்துல நாகஸ்வரமே கேக்கலை.

பக்கத்துல யாரோ என் தோளைப் பிடிச்சுண்டு எக்கி எக்கிப் பாக்கறா, கையெல்லாம் மஞ்சப்பொடி. பெரியம்மா!

"அடுப்புல என்ன இருக்கு?"ன்னேன்.

"அணைச்சுட்டேன். தள்ளிக்கோ, மறைக்கறது."