பிட்டைத் திட்டும் முன் ராடைப் பாருங்கள்

சேலத்தில் நிலக்கரி கிடையாது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) உண்டு, சேர்வராயன் மலையில் பாக்சைட் உண்டு, கஞ்சமலையில் இரும்புக்கல் உண்டு, கரி மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக்கென்று இருக்கும் நெய்வேலியும் பழுப்பு நிலக்கரிதான், அதுவும் திறந்தவெளிச் சுரங்கம், சக்கரத்தில் வாளிகளைக் கட்டிய ராட்சத இயந்திரம் வாரிக்கொண்டு போகிறது. பூமிக்கு அடியில் ஆள் நின்று கையால் டிரில்லைப் பிடித்துத் துளை போடுகிற வேலை அங்கே இல்லை. அப்படியிருக்க சூரமங்கலம் பக்கம் டூல் சாணை பிடிக்கும் பட்டறை வைத்திருக்கிற எனக்கும் நிலக்கரியில் துளை போடுகிற டிரில்லின் வெட்டுமுனையான பிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெரியப்பா மகன் தெலங்கானாவில் ஒரு நிலத்தடிச் சுரங்கத்தில் ஓவர்மேனாக, அதாவது வேலையை மேற்பார்வை பார்க்கிறவராக, இருக்கிறார். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர், கழித்துப்போட்ட பிட்டுகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார்.

"தம்பி, கான்ட்ராக்டர் வாங்கிப் போடுற பிட்டு எல்லாம் சப்பை. ரெண்டு ஷிஃப்ட் தாங்க மாட்டேங்குது. நல்ல விடியா முனையா வச்சுக் குடுக்க முடியுமான்னு பாரு."

"பாக்கிறேங்கண்ணா, ஆனா ராடு எங்க?"

"ராடு எதுக்குடா? ராடு நல்லாத்தான இருக்கு!"

இந்தப் பதிவே அந்த ராடைப் பற்றித்தான். ஆனால் அங்கே போவதற்கு முன் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் பலருக்குப் போர் வண்டி பிட்டு தெரியும், ஜாக் ஹேமர் தெரியும், இது தெரியாது.

நிலக்கரியில் வெடி வைக்கத் துளை போடுவதற்குக் கையில் பிடிக்கிற மின் டிரில் இருக்கிறது. நம் நாட்டுச் சுரங்கங்களில் இது 125 வோல்ட்டில் ஓடும், வெளியே தீப்பொறி கசியாதபடி மூடிய உடம்பு. அதன் முன்னால் திருகு போலச் சுற்றிய ராடு, அதுதான் ஆகர். ராடின் நுனியில் ஒரு சாக்கெட், அதற்குள் பிட்டின் வால் பகுதி, அதாவது ஷாங்க், நுழைந்து உட்கார்ந்து ஒரு பின் (குறுக்கு ஆணி) அல்லது கிளிப் பிடிப்பில் நிற்கும். பிட்டுக்கு இரண்டு சிறகு, ஒவ்வொன்றின் நுனியிலும் கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளில் ஒரு துண்டு. நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள், அங்கே வெட்டுப்படாமல் நிற்கிற கரி தானாக உடைந்து விழுந்துவிடும். மொத்தமும் உள்ளங்கைக்குள் அடங்கும். துளை பொதுவாக 42, 43 மில்லிமீட்டர் விட்டம். அதற்குள் போகிற வெடிமருந்துக் குச்சி 32 மில்லிமீட்டர். சிறகுகளின் அகலம் ராடின் திருகைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் ராடு துளைக்குள் தாராளமாகச் சுற்றும், கரித்தூளும் திருகு வழியாக வெளியே வரும்.

தனியாகக் கழற்றுகிற பிட்டு வருவதற்கு முன் ராடின் நுனியையே கொல்லுப்பட்டறையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொண்டிருந்தார்கள். மழுங்கினால் ஆள் உயரத்துக்குச் சமமான ராடை முழுசாகச் சுரங்கத்துக்கு மேலே ஏற்றிக் கொல்லரிடம் கொடுக்க வேண்டும், தீட்டியதைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும். கழற்று பிட்டு வந்ததும் டிரில்லர் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்றாயிற்று. வெட்டுவாயில் கார்பைடு ஏறியது அதற்கும் பிறகு. 1923ல் ஜெர்மனியில் ஆஸ்ராம் பல்பு கம்பெனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு இதைச் செய்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது பல்பு இழை இழுக்கிற அச்சுக்கு வைரத்துக்குப் பதிலாக ஒரு பொருள், அவ்வளவுதான். அதை க்ரூப் (Krupp) என்கிற ஜெர்மன் கம்பெனி விடியா என்று பெயர் வைத்து விற்கப்போய், இன்றைக்கும் நம்ம லேத் பட்டறைகளில் யார் செய்த கார்பைடாக இருந்தாலும் அது விடியாதான்.

இங்கே ஒரு விஷயம், வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர் பட்டறையில் இந்தப் பிட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இதை நம்ம கல்லுக்குப் போடலாமா என்று கேட்டார். முடியாது. கரி மெத்தென்ற சமாச்சாரம், அதனால் சுற்றிச் சீவியே எடுத்துவிடலாம், வெட்டுவாயும் முன்பக்கம் சாய்ந்து கூராக இருக்கும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, அந்தப் பாதையோரம் வெட்டுப்பட்டு நிற்கிற கருநிறப் பாறை சார்னோகைட், கரியைவிடப் பல மடங்கு கடினம். அதில் இதை வைத்துச் சுற்றினால் பாறை பளபளப்பாகும், பிட்டு போய்விடும். அதற்கெல்லாம் அடித்து அடித்துத் திருப்புகிற ஜாக் ஹேமரோ, திருச்செங்கோட்டு போர் வண்டிகளில் போடுகிற ஹேமரும் பட்டன் பிட்டும்தான் சரி. கார்பைடின் கலவையே வேறு: அடி வாங்குகிற பிட்டுக்கு உடையாத தன்மை முதலில் வேண்டும், சீவுகிற பிட்டுக்குத் தேயாத தன்மை.

சரி, சாக்குக்கு வருவோம். கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். கார்பைடு ஒழுங்காகத் தேய்ந்து ஆயுள் முடிந்த பிட்டு கொஞ்சம்தான் இருந்தது. மீதியில் பாதிக்கு மேல் ஒரே கதை: ஒரு சிறகில் கார்பைடு நன்றாக இருக்கிறது, இன்னொரு சிறகில் மூலை தெறித்துப்போயிருக்கிறது. ஷாங்கைத் திருப்பிப் பார்த்தால் விளிம்புகள் உருண்டு, பக்கங்கள் கண்ணாடி போல மின்னுகின்றன. புது பிட்டின் ஷாங்க் அப்படி மின்னாது. சாக்கெட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிற இரும்பு உரசிக்கொள்ள இடமே இல்லை. ஆடினால்தான் உரசும், உரசினால்தான் மின்னும். பின் மாட்டுகிற துளைகளும் வட்டமாக இல்லை, நீண்டுபோயிருந்தன.

நடப்பது இதுதான். ராடு பல மாதம் உழைக்கிறது, அதற்குள் எத்தனையோ பிட்டுகள் மாறிவிடுகின்றன. சாக்கெட்டின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று வாய்பிளந்துபோகும். அதில் புது பிட்டைப் போட்டாலும் அது நேராக நிற்காது, ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் ஒரு சிறகு முன்னால் நிற்கும், இரண்டு சிறகும் பகிர வேண்டிய வேலையை அது ஒன்றே இழுக்கும். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம், நடுநடுவே கல் பட்டை ஓடும். அந்தக் கல் பட்டையில் தனியாகப் போய் மோதுகிற கார்பைடு மூலை தெறிக்காமல் என்ன செய்யும்? தெறித்ததும் டிரில்லர் பிட்டைக் கழற்றி வீசிவிட்டு அதே சாக்கெட்டில் அடுத்ததைப் போடுகிறார். புதுசின் ஷாங்க்கும் அந்த அகன்ற வாயில் ஆடி ஆடித் தேய்கிறது, அந்த பிட்டை நாளைக்கு நல்ல ராடில் போட்டாலும் அதையும் கெடுக்கும். மண்வெட்டிக்குப் பிடி தளர்ந்திருக்கும்போது இலையைத் தீட்டிக்கொண்டே இருப்பது போலத்தான் இது.

அண்ணன் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. கான்ட்ராக்டர் மட்டமான சாமான் போடுகிறார் என்பதும் பொய் இல்லை, சிலதில் கார்பைடு துண்டுக்கும் இரும்புக்கும் நடுவே பற்றவைப்பு ஓடாமல் நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தது, அதை யாரும் வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் பற்றவைப்பு (பிரேசிங்) நன்றாக உள்ள பிட்டுகளும் அதே மாதிரி ஒரு பக்கமாகத் தெறித்திருந்தால் குற்றம் பிட்டில் இல்லை என்றுதானே அர்த்தம். ஸ்டோரில் பிட்டு தினம் செலவாகிற பொருள், அதன் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். ராடு கணக்கில் எப்போதோ ஒருமுறை வருகிறது, அதை அளந்து பார்க்கிறவர் யாருமில்லை.

இதில் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. மழுங்கிய பிட்டு கரியைச் சீவாமல் அரைக்கும். அரைத்தால் தூசு மாவாக வரும், அதுதான் நுரையீரலுக்குப் போகிற தூசு. டிரில்லர் மார்பைக் கொடுத்து இன்னும் அழுத்துவார், சூடேறும், மணற்கல்லிலோ பைரைட்டிலோ உரசினால் பொறி வரும். காற்றில் மீத்தேன் 5லிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கக்கூடிய இடம் அது. சிறகின் பக்கவாட்டு தேய்ந்தாலோ துளை குறுகி ராடு பிடித்துக்கொள்ளும், அப்போது சுற்ற வேண்டியது ராடு அல்ல, டிரில்லரின் மணிக்கட்டு. குறுகின துளையில் வெடிமருந்தை மரக்கம்பால் திணிக்கிற நிலைமை வந்தால் அதைவிட மோசம். பின் அறுந்து பிட்டு துளைக்குள்ளேயே தங்கிவிட்டால் அந்தத் துளை வீண், அப்புறம் அது கரியோடு சேர்ந்து கன்வேயரில் ஏறி, காந்தத்தில் மாட்டினால் நல்லது, மாட்டாவிட்டால் கிரஷருக்குள் போகும்.

இனி நான் செய்த வேலை. ஒழுங்காகத் தேய்ந்தவற்றுக்குச் சாணை மட்டும் போதும். சாதாரணப் பழுப்புக் கல்லில் கார்பைடைப் பிடித்தால் கல்தான் கரையும், கார்பைடு சூடாகி விரிசல் விடும். பச்சைக்கல் வேண்டும், இல்லையென்றால் டைமண்ட் வீல். அதிலும் முதலில் கார்பைடுக்குப் பின்னால் இருக்கிற இரும்பைப் பழுப்புக் கல்லில் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் டைமண்ட் வீலுக்குப் போக வேண்டும், இரும்பை அதில் உரசினால் வீல் அடைத்துக்கொள்ளும், அது என்ன விலை விற்கிறது என்று தெரியும் அல்லவா. சூடான பிட்டைத் தண்ணீரில் முக்குகிற பழக்கம் நம்ம பையன்களுக்கு எப்படியோ தொற்றிவிடுகிறது, உளி தீட்டிப் பழகின கை. கார்பைடுக்கு அது ஆகவே ஆகாது. இரண்டு சிறகும் ஒரே உயரம், மையத்திலிருந்து ஒரே தூரம் என்று கேஜ் வைத்துப் பார்த்தால்தான் சாணை முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தெறித்தவற்றில் பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைத்தேன். இது வெள்ளி கலந்த கம்பியில் செய்கிற பிரேசிங். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு ஊதுகிறவர்களுக்கு இந்த வேலை பாதி தெரியும், ஆனால் மீதிப் பாதி வேறு. உருகின கம்பி ஒட்டி ஓடுவதற்கு அவர்களுக்கு வெங்காரம் போதும். வெள்ளிக் கம்பி உருகுகிற 650, 700 டிகிரியில் வெங்காரம் மட்டும் போட்டால் கார்பைடு மேல் பிசுபிசுவென்று நிற்குமே தவிர ஓடாது, ஃப்ளோரைடு கலந்த ஃப்ளக்ஸ் வேண்டும். அப்புறம் இரும்பு சூட்டில் விரிவது கார்பைடு விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்கும், கார்பைடு சுருங்க மாட்டேன் என்னும், நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது பற்றவைப்பு. அதற்காகத்தான் பெரிய துண்டுகளுக்கு நடுவில் செம்புத் தகடு வைத்த வெள்ளித் தகடு கிடைக்கிறது, செம்பு மென்மையானது, இழுவையை வாங்கிக்கொள்ளும். பற்றவைத்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்து ஊதிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சுரங்கத்தில் போய்த்தான் தெறிக்கும்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிற வெள்ளிக் கம்பி சிலவற்றில் காட்மியம் இருக்கும், அதன் புகை விஷம். காட்மியம் இல்லாத கம்பி என்று கேட்டு வாங்குங்கள். கார்பைடு தூசியில் இருக்கிற கோபால்ட் நுரையீரலைக் கெடுக்கும், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சாணை பிடிப்பதெல்லாம் சும்மா. சரியான மாஸ்க், பக்கத்தில் தூசு உறிஞ்சுகிற ஃபேன், இரண்டும் இல்லாமல் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

பிட்டுகளைக் கொடுத்தனுப்பும்போது கூடவே இரண்டு இரும்புத் துண்டு கடைந்து கொடுத்தேன். ஒன்று புது ஷாங்க்கின் அளவு, அது சாக்கெட்டில் ஆடாமல் நுழைய வேண்டும். இன்னொன்று தேய்மானம் எவ்வளவு வரை பொறுக்கலாமோ அந்த அளவு, அது நுழையவே கூடாது. நுழைந்தால் அந்த ராடை ஓரம் வைத்துவிட வேண்டியது. ஷிஃப்ட் தொடக்கத்தில் ராடை எடுக்கும்போது சொருகிப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், நம்பிக்கையோடு என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஃபோனில் பேசினார். சாதாரண விசாரிப்பெல்லாம் முடிந்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். நுழையவே கூடாத அந்தப் பெரிய துண்டு பல ராடுகளில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்குகிறதாம். இப்போது கேள்வி அந்த ராடுகளை என்ன செய்வது என்பது. சாக்கெட் முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புது முனை வெல்டிங் செய்யலாம், ஸ்டோரில் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டுப் புது ராடு வாங்குவதைவிட அது மலிவு. ஆனால் புது முனை ராடோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும், V வடிவப் பள்ளம் உள்ள இரண்டு கட்டைகளில் (வி-பிளாக்) படுக்க வைத்து உருட்டி டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண் அளவில் வெல்டிங் வைத்தால் பழைய சாய்வு போய்ப் புதுச் சாய்வு வரும். வெல்டிங் செய்கிற இடமும் முன்கூட்டியே சூடேற்றி மெதுவாக ஆறவிட வேண்டிய அலாய் ஸ்டீல், கிரில் கேட்டுக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட முடியாது. ராடுகளைச் சேலத்துக்கு அனுப்ப ஸ்டோரில் கேட் பாஸ் கேட்டிருக்கிறாராம், கையெழுத்து இன்னும் ஆகவில்லை.