பிராம்ஸுக்கு ஒத்து ஊத ஆள் இல்ல

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிராம்ஸோட (19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர்) ஓபஸ் 119ங்கிற தொகுப்புல முதல் பீஸ, அந்த பி மைனர் இன்டர்மெட்சோவ (இன்டர்மெட்சோன்னா சின்ன பியானோ பீஸ்; மைனர்னா சோகச் சாயல், மேஜர்னா பிரகாசமான சாயல்), கீபோர்டுல தடவித் தடவி வாசிச்சுக்கிட்டு இருந்தேன். சிம்மக்கல்லுல இருந்து மாமா வந்திருந்தாரு. அவரு சின்ன வயசுல இருந்து மதுரை மீனாட்சி கோயில் ஆடி வீதியில நாதஸ்வரம் கேட்டே வளந்த ஆளு, காதுல சுருதி கால் இஞ்ச் விலகுனாக்கூட மூஞ்சி கோணிரும். ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பாத்தாரு, அப்புறம் “ஏண்டா மாப்ள, இதுல ச எங்கடா இருக்கு?”ன்னாரு. ச-ன்னா மத்த சுரமெல்லாம் நம்பி நிக்கிற ஆதார சுரம்.

நான் நாலு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்த கேள்விய மனுசன் ஒரே வரியில கேட்டுட்டாரு.

முதல் பார (தாளத்துல ஒரு கட்டம்) பாருங்க. எஃப் ஷார்ப், டி, பி, ஜி, ஈ. ஒண்ணு விட்டு ஒண்ணு தாவி கீழ இறங்குது, நம்ம தாட்டு வரிசை மாதிரி, ஆனா விரல எடுக்கக்கூடாது, வந்த சுரமெல்லாம் அப்படியே நிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டே போகும். முதல் மூணு சுரத்த மட்டும் கேட்டா பி மைனர், அடுத்த மூண எடுத்தா ஜி மேஜர், கடைசி மூணு ஈ மைனர். எது வீடு எது திண்ணைன்னே தெரியாது.

மாமா போன்ல சுருதி பாக்ஸ (ச-வ விடாம ஒலிக்கிற ஆப்) எடுத்து 7 கட்டையில, அதாவது பி-ல வச்சாரு. உடனே அந்த அஞ்சு சுரமும் ப க ச த ம ஆயிருச்சு, நல்ல புள்ளையா நடபைரவி ராகத்துல உக்காந்துக்கிச்சு. அப்புறம் 5 கட்டைக்கு, அதாவது ஜி-க்கு மாத்துனாரு. கீபோர்டுல அதே கீகள, அதே விரல்ல அமுக்குறேன், இப்ப நி ப க ச த! சோகம் எங்க போச்சுன்னே தெரியல. ச-வ மட்டும் விடாம ஊதுற ஒத்து நாதஸ்வரக்காரர் மட்டும் எடம் மாறி உக்காந்தா கச்சேரியே மாறிப் போற மாதிரி. பிராம்ஸ் செஞ்சது என்னன்னா அந்த ஒத்துக்காரரயே வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

இத எழுதுனது 1893ல, அவருக்கு 60 வயசு. தன்னோட நெடுநாள் தோழி, பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு இத அனுப்புறப்ப, இதுல அபஸ்வரமா நெறஞ்சு கிடக்கு, ஒவ்வொரு பாரும் ஒவ்வொரு சுரமும் வேகம் கொறயிற மாதிரியே வாசிக்கணும்னு எழுதுனாராம். கிளாரா இத சாம்பல் நிற முத்துன்னு சொல்லிருக்காங்க. அந்தம்மாவுக்கு அப்ப 73 வயசு. மெதுவா வாசிக்கணுங்கிறது உணர்ச்சிக்காக மட்டும்னு நெனச்சேன், இல்ல, அஞ்சு சுரமும் ஒண்ணா நிக்கிறது காதுல விழணும்ல, வேகமா ஓட்டுனா வெறும் இறங்குவரிசை ஆயிரும் (நான் யூட்யூபுல கேட்ட பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுறாய்ங்க).

நடுப்பகுதி டி மேஜர். நடபைரவியோட க-வ ச-வா வச்சா சங்கராபரணம், கிரக பேதம் (ச-வ எடம் மாத்தி வேற ராகம் ஆக்குறது), அவ்வளவுதான். அழகா இருக்கும், ஆனா எனக்கு முதல் பக்கம் போதும். அப்புறம் ஆரம்பம் திரும்ப வருது, உள்ள கூடுதல் சுரங்களோட. ஏ ஷார்ப் தலகாட்டுற எடத்துல மட்டும் நி கொஞ்சம் ஒசந்து கீரவாணி ராக வாடை.

கடைசியில மறுபடி மூணு மூணா அடுக்கி அடுக்கி இறக்கி ஒருவழியா பி மைனர்ல கொண்டுபோய் வைக்கிறாரு. மாமா பாக்ஸ எப்பவோ ஆஃப் பண்ணிருந்தாரு, நான் கவனிக்கல. கண்ண மூடி, கடைசிச் சுரத்துக்கு மெதுவா ச-ன்னு முணங்குனாரு, சரியா 7 கட்டையில.

“இவன் வேற என்னடா எழுதிருக்கான்?”ன்னாரு. ஓபஸ் 118ல ரெண்டாவத எடுத்தேன்.