காலித் தட்டு

விடியற்காலை நாலு மணிக்கே தட்டு உருளும் சத்தம். எங்கள் நாய் மணிதான், காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

"பாவம்டா, ரெண்டு வாய் நெய்ச்சோறு போட்டா என்ன?" என்றாள் அம்மா.

மணிக்குக் குஷிங் நோய். உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடிப்போனால் பசியும் அடங்காது, தாகமும் அடங்காது. கொழுப்பு ஆகாது என்பதால் தோல் நீக்கிய கோழி, பூசணி, கொஞ்சம் சோறு. மாத்திரையும் அதோடுதான். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. ராத்திரி எத்தனை முறை தரை துடைத்தாலும் சரி.

வெண்ணாற்றங்கரை வரை எனக்கு முன்னால் ஓடியவன், இப்போது வாய்க்கால் மதகிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான். தொட்டால் உறுமுகிறான். அப்புறம் அவனே வந்து காலில் தலை வைக்கிறான்.

சுற்றிலும் நெல் விளையும் ஊரில், பசிக்கிறது என்று நிற்கும் வாயிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்குப் பழக்கமே இல்லை.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே நெய்க் கிண்ணத்தை மேல் அலமாரியில் ஏற்றி வைத்தாள்.