மாமா, இதுல வைஸ் சிட்டி ஓடுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுபோனது. என் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், அதை விண்டோஸ் 11 வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைக் காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். பிரவுசர், லிப்ரே ஆபிஸ், பாட்டு எல்லாம் சரி. அக்கா பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, இதுல வைஸ் சிட்டி ஓடுமா?"

வைஸ் சிட்டி விண்டோஸுக்கு வந்த பழைய ஜிடிஏ கேம். ஓடும்டா என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அது வேறு விஷயம்.

லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓடுகிறது என்றால் உள்ளே ஒரு குட்டி விண்டோஸ் ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. மதுரைப் பக்கத்து ஆள் கடைக்குப் போய் சீனி கேட்கிறார், வட மாவட்டத்துக் கடைக்காரருக்கு அது சர்க்கரை. பொருள் ஒன்றுதான், பெயர்தான் இடிக்கிறது. பக்கத்தில் இரண்டு ஊர்ப் பேச்சும் தெரிந்த ஒருவர் நின்றால் வியாபாரம் முடிந்துவிடும். வைன் என்கிற மென்பொருள் செய்வது அந்த வேலையைத்தான். கேம் "விண்டோஸே, இந்த ஃபைலைத் திற" என்று கேட்கும்போது அதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி கேட்டு வாங்கிக் கொடுக்கும். சிப் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் கேமின் மற்ற கணக்கெல்லாம் நேராகவே ஓடும், அதனால்தான் வேகம் பெரிதாக அடிபடுவதில்லை. 'வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்' (எமுலேட்டர் என்றால் இன்னொரு மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்) என்று பெயரிலேயே சத்தியம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நடுவாள் வேலை சாதாரணமானதில்லை. 1993-இல் ஆரம்பித்த வைன் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008-இல். பதினைந்து வருஷம்! விண்டோஸின் மூலநிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து ஒவ்வொன்றாக எழுத வேண்டும். விண்டோஸ் தப்பாகச் செய்கிற இடத்தில் வைனும் அதே தப்பைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தப்பை நம்பி எழுதிய கேம்கள் இருக்கின்றன. ஃபைல் பெயரில்கூட வம்பு. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, விண்டோஸ் கேம்களோ அதைக் கண்டுகொள்வதே இல்லை, கேம் கேட்ட பெயர் அப்படியே கிடைக்கவில்லை என்றால் வைன்தான் ஃபோல்டரைத் துழாவி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ரொம்ப நாள் இடறியது கிராஃபிக்ஸ். திரையில் படம் வரையச் சொல்ல விண்டோஸ் கேம்கள் பேசுவது டைரக்ட்எக்ஸ், லினக்ஸில் அது இல்லை. ஃபிலிப் ரெபோலே என்ற புரோகிராமர் தனக்கு 'நியர் ஆட்டோமேட்டா' விளையாட வேண்டும் என்பதற்காக டைரக்ட்எக்ஸ் 11-ஐ லினக்ஸுக்கும் தெரிந்த வல்கன் என்ற கிராஃபிக்ஸ் பேச்சுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே-வை எழுதத் தொடங்கினார். இந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வால்வ் நிறுவனம் அதையும் வைனையும் சேர்த்துக் கட்டி, 2018 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற தன் ஆன்லைன் கேம் கடைக்குள்ளேயே புரோட்டான் என்று கொடுத்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் இதே வால்வ், லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கம்ப்யூட்டர்களை விட்டுப் பார்த்தது. லினக்ஸுக்கென்று தனியாகக் கேம் எழுதப் போதுமான ஆள் வரவில்லை, போணியாகவில்லை. அப்புறம்தான் யாரையும் கெஞ்ச வேண்டாம், விண்டோஸ் கேமையே அப்படியே ஓட்டிவிடலாம் என்று வழி மாறியது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் மெஷின் மொத்தமும் இதை நம்பித்தான் நிற்கிறது. இதில் வேடிக்கை, லினக்ஸுக்கென்றே வந்த சில பழைய பதிப்புகள் இப்போது திறக்கக்கூட மாட்டேன் என்கின்றன, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஜம்மென்று ஓடுகிறது.

சரி, வைஸ் சிட்டி. பழைய பதிப்பு இப்போது ஸ்டீம் கடையில் இல்லை, ஆனால் எப்போதோ தள்ளுபடியில் வாங்கியது என் கணக்கில் இருந்தது. இன்ஸ்டால் செய்து ப்ளே அழுத்தினால் கறுப்புத் திரை. ஓடும்போது நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலை எடுத்துப் பார்த்தேன், வரிசையாக 'ஃபிக்ஸ்மீ', 'ஃபிக்ஸ்மீ', 'ஃபிக்ஸ்மீ'. பயந்துவிடாதீர்கள், "இந்த இடத்தை இன்னும் முழுசாக எழுதவில்லை" என்று வைன் எழுதியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட குறிப்பு அது, நன்றாக ஓடும் கேமிலும் நூறு வரி வரும். கடைசியில் பார்த்தால் தகராறு கேமில் இல்லை, முதலில் ஓடும் அறிமுக வீடியோவில். கேம் ஃபோல்டருக்குள் 'மூவிஸ்' என்று இருந்ததை 'மூவிஸ்1' என்று பெயர் மாற்றினேன், நேராக மெனு வந்து நின்றது. பையன் சிரிப்பை நிறுத்தினான்.

உடனே அடுத்தது கேட்டான், நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் ஒரு துப்பாக்கி கேம். பெயர் வேண்டாம், அது ஓடாது. ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி சீட் மென்பொருள் சிலது விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி உட்காரும், வைனில் அப்படி ஓர் அடிமட்டமே கிடையாது. அந்த வகையில் ஈஸி ஆன்டி சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன, ஆனால் கேம் செய்தவர் சம்மதிக்க வேண்டும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் துப்பாக்கி கேம் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்ததுதான், 2024 அக்டோபர் கடைசியில் மூடிவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க என்றார்கள். இருக்கலாம், ஆனாலும் ஒழுங்காக ஆடியவனுக்கும் சேர்த்துத்தானே கதவு சாத்தினார்கள் என்று எனக்கு எரிச்சல். நண்பர்களோடு ஆன்லைன் கேம்தான் முக்கியம் என்பவர்களிடம் நானே சொல்லிவிடுவேன், விண்டோஸைக் கழற்றாதீர்கள்.

பென்டிரைவில் வைஸ் சிட்டியில் நான் விட்ட இடத்தைச் சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைல் இருந்தது. அதைப் போடும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி டிரைவ் கட்டி வைக்கிறது, அந்தக் கேமின் ஸ்டீம் எண்ணில். ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காம்பேட்டேட்டா, அதற்குள் 12110, பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ். வெங்காயம் உரிக்கிற மாதிரி இறங்கிப் போனால் அங்கே 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. தான் லினக்ஸில் இருப்பது அந்தக் கேமுக்குக் கடைசி வரை தெரியாது.

ஃபைலைப் போட்டு லோட் கொடுத்தேன். ஹோட்டல் வாசலில் கேமின் ஹீரோ டாமி நின்றான். நான் விட்ட இடம் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன், கட்டடத்துக்குள் குண்டு வைக்கிற அதே சனியன். "குடுங்க மாமா" என்று கீபோர்டை வாங்கிக்கொண்டான். நாலு தடவை தோற்றான். அப்புறம் நான் வாங்கி இரண்டு தடவை தோற்றேன்.