அப்பா எழுதிய மெயில்

மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவளைக் கல்லூரி ஓட்ட அணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஏறக்குறைய நாற்பது அமெரிக்கக் கல்லூரி கோச்களுக்கு மெயில் போட்டேன். என் பெயரில், என் ஜிமெயிலிலிருந்து, "என் மகள் நல்ல திறமைசாலி, கடுமையாக உழைப்பவள், பணிவானவள்" என்று வரன் தேடுகிற தொனியில். ஒருவர்கூட பதில் போடவில்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அவள் 800 மீட்டர் ஓடுகிறாள். பள்ளி கோச்சிடம் போய்ப் புலம்பினால் மனிதர் சிரித்துவிட்டார். பதில் வராததற்கு முதல் காரணம் விதி. தடகளம் உட்பட பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை டிவிஷன் 1 என்கிற மேல்தட்டுக் கல்லூரி அணியின் கோச் அந்த மாணவருக்குத் தனிப்பட்ட முறையில் பதில் எழுதக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் சட்டம். வந்த மெயிலைப் படிக்கலாம், பெயரைக் குறித்துக்கொள்ளலாம், முகாம் அறிவிப்பை அனுப்பலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் நான் நான்கு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். இரண்டாவது காரணம் நான்தான். அணியில் ஓடப்போவது அப்பா இல்லையே, பதினாறு வயதுப் பெண் தன் மெயிலைத் தானே எழுத மாட்டாளா என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் அவளே எழுதினாள், ஏழெட்டு வரிதான். எந்த வருடம் பள்ளி முடிக்கிறாள், என்ன ஓடுகிறாள், சிறந்த நேரம் 2:19, அதைச் சரிபார்க்க போட்டி முடிவுகளைப் பதியும் அத்லெடிக் டாட் நெட் தளத்தின் இணைப்பு, மதிப்பெண் சராசரி, அடுத்த போட்டி எங்கே எப்போது, அந்தக் கல்லூரி ஏன் பிடித்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் ஒவ்வொரு மெயிலிலும் மாற வேண்டும், பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். கூடவே ஒவ்வொரு கல்லூரி விளையாட்டுத் தளத்திலும் இருக்கிற வீரர் விவரப் படிவத்தையும் நிரப்பினாள்.

ஓட்டம், நீச்சல், தாண்டுதலில் ஒரு சௌகரியம், எண்ணே எல்லாவற்றையும் பேசிவிடும். தேஜஸ்வின் சங்கர் 2016-ல் கோயம்புத்தூரில் பள்ளிக்கூட வயதில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசிய சாதனையை முறியடித்தார், மறுவருடமே கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இருந்தார். கால்பந்து, வாலிபால் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது, அவர்களுக்கு வீடியோதான். ஹடில் என்கிற விளையாட்டு வீடியோ தளத்தில் மூன்று நிமிடத்துக்குள், இருப்பதிலேயே நல்ல ஆட்டம் முதலில், கூட்டத்தில் நம் பிள்ளை யார் என்று அம்புக்குறி போட்டு. பாட்டெல்லாம் சேர்க்க வேண்டாம், அது கல்யாண வீடியோ இல்லை.

முகாம்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "உங்கள் மகளின் திறமையைக் கவனித்தோம்" என்று வரும் அழைப்பில் பாதி, பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் போவது. கோச் முன்பே பேசிக்கொண்டிருக்கிற இடம் என்றால் பணம் கட்டிப் போகலாம், இல்லாவிட்டால் அது கோடை விடுமுறைச் செலவு. ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு "நாங்கள் எல்லா கோச்களுக்கும் அனுப்புகிறோம்" என்கிற நிறுவனங்களும் அப்படித்தான், நான் போட்ட மெயிலையே அவர்கள் அழகான அட்டையோடு போடுகிறார்கள்.

நம்மவர்கள் டிவிஷன் 1-ஐத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அங்கே இப்போது இடம் இன்னும் நெருக்கடி. வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தருவது பற்றி 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் ஒவ்வொரு அணிக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பை ஏற்க வேண்டும், போதாததற்கு கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக இருபத்திரண்டு வயது அனுபவசாலிகள் கிடைக்கும்போது பதினேழு வயசுக்காரி எதற்கு என்று நினைக்கிற கோச்களும் உண்டு. என்சிஏஏவின் மூன்றாம் தட்டான டிவிஷன் 3-ல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் நிறையவே தருகிறார்கள், ஓடவும் விடுகிறார்கள். 2:19 போன்ற நேரத்துக்கு அங்கேதான் மரியாதை.

மார்க் முக்கியம் என்று தமிழ்ப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பாடங்களில் என்பதைப் பாருங்கள். டிவிஷன் 1-க்கு என்சிஏஏ ஏற்கும் 16 பாடங்கள் வேண்டும், அதில் 10 கடைசி வருடத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு டிவிஷன் 3 கோச் போன் செய்தார். அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே காட்ட அவளுடைய மதிப்பெண் பட்டியல் வேண்டுமாம். நான் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், வெளியே போங்க" என்றாள். போனேன்.