மிஞ்சிப்போன சேவல்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் யார் வீட்டிலாவது சேவல் மிஞ்சிப்போனால் என்னிடம் சொல்லிவிடுவார்கள், நான் அதற்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பேன். அடை வைத்துப் பொரிக்கிற குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துப் பொட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதி குழம்புக்குப் போகும், அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் மடியில் வைத்துப் பொரி ஊட்டி வளர்த்த சேவலை அறுக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வராது.

இப்படி வருவதில் நிறைய, கூடையில் விற்கிறார்களே, அந்தக் கலர் குஞ்சுகள். முட்டைக்கோழி இனத்தில் சேவல் முட்டையும் போடாது, சீக்கிரம் சதையும் வைக்காது. அதனால் பொரிப்பகங்களில் முதல் நாளே அதைக் கழித்துவிடுகிறார்கள். அதற்குத்தான் பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் செத்துப்போகும். தப்பிய ஒன்று வெள்ளை வெளேரென்று வளர்ந்து, கொண்டை சிவந்து, மொட்டைமாடியில் நின்று கூவும்போதுதான் பக்கத்து வீட்டில் சண்டை வரும்.

சாக்குப் போட்டு மூடினால் கூவாது என்று பலர் நம்புகிறார்கள். நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல் தன் உள்கடிகாரத்தின்படி விடியலுக்கு முன்பே கூவும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் மூடி வைத்து வதைக்காதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? சேவல் தேவைப்படுகிறவர்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். ஒரே சேவலை வருஷக்கணக்கில் வைத்திருந்தால், அது தனக்குப் பிறந்த பொட்டைகளோடேயே இணைசேர ஆரம்பித்துவிடும். பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். அவர்களுக்கு வெளி ரத்தம் வேண்டும். "உங்க சேவல் எந்த அடையில பொரிச்சது?" என்று பேச்சை ஆரம்பித்தால் போதும், மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பார்கள்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு அம்மா என் கையிலிருந்த வெள்ளைச் சேவலை வாங்கி, நெஞ்சு இறகை ஊதிப் பார்த்தார், இறக்கையைத் தூக்கிப் பேன் இருக்கிறதா என்று தேடினார். "ஏம்மா, ஆளைக் கொத்துமா? குஞ்சு நல்லா வருமா?" என்றார். இதன் வழியில் வரும் பொட்டை முட்டை நிறையப் போடும், ஆனால் அடை உட்காருவது குறையும் என்றேன். "அப்ப எனக்கு வேணாம் கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அடைக்கோழிதான் வேண்டும், சரியான முடிவு. அந்தச் சேவல் பிறகு காவேரிப்பட்டணம் பக்கம், முட்டைக்காகக் கோழி வளர்க்கும் ஒரு மாந்தோப்புக்காரரிடம் போனது.

எடுத்ததும் காலையும் தொடையையும் அழுத்திப் பார்ப்பவருக்கு நான் கொடுப்பதில்லை. சண்டைக்குத்தான் கேட்பார். கத்தி கட்டினாலும் கட்டாவிட்டாலும், விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், வளர்த்தவர் கைப்பிடியை நம்பி வந்த உயிர் அது.

கொண்டுபோகும்போது தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். பழைய புடவைக் கிழிசலால் காலைத் தளர்வாகக் கட்டி, இறக்கையை மடக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டால் சேவல் அடங்கிவிடும். நெஞ்சு படபடவென்று அடிப்பது உங்கள் விலாவில் தெரியும், கொஞ்ச நேரத்தில் குறையும். போன இடத்தில் இரண்டு வாரம் தனியாகக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒன்று நுழைந்தால் பட்டியே காலி. கூட்டத்தில் சேர்ப்பதென்றால் இருட்டிய பிறகு மற்றவை அடைந்திருக்கும்போது விடுங்கள், கொத்துச் சண்டை குறையும். இங்கே தின்ற கேழ்வரகில் ஒரு படி கூடவே கொடுத்தனுப்புவேன்.

இப்போது என்னிடம் ஒரு செவலை இருக்கிறது. நாட்டுச்சேவல், கழிச்சல் தடுப்பூசி போட்டது, ஆளைக் கொத்தாது. பொட்டைகள் இருந்து சேவல் இல்லாத வீடாக இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன். காசு வேண்டாம்.